என் கால் எலும்புக்கு ஒரு நாய்

முதலில் நான் பழி போட்டது டெய்லர் மேல்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றே வயதைத் தொலைத்தவனுக்கு, எது கோணலாக இருந்தாலும் தைத்தவன் தப்பாகத்தான் தெரியும். புதுப் பேன்ட்டைப் போட்டு நடந்தால் வலது பக்கம் மட்டும் தரையைக் கூட்டியது. இடது பக்கம் ஒழுங்காகச் செருப்புக்கு மேலே நின்றது. ஒரே பேன்ட், ஒரே துணி, இரண்டு நீளம். இப்படி ஒரு பீஸ் கம்பெனியில் என் கைக்கு வந்திருந்தால் லைனையே நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பேன்.

எங்கள் தெருமுனை டெய்லர் தென்காசிப் பக்கத்துக்காரர். வாலிபத்தில் பனியன் கம்பெனிக்கு வந்து பவர் மெஷினில் உட்கார்ந்தவர், பிறகு தனியாகக் கடை போட்டுக்கொண்டார். பேன்ட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வீசினேன். அவர் பேசாமல் இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் காட்டினார். நூல் பிசகவில்லை. “மடிச்சாத் தெரியாதுங்க, போட்டாத்தான் தெரியும்” என்று வாதாடி வலது பக்கத்தைக் குறைக்க வைத்தேன். சில மாதங்களில் குறைத்த பக்கமும் தரைக்கு வந்துவிட்டது. மறுபடி கொண்டுபோனேன், மறுபடி குறைத்தார். அடுத்த தடவை போனபோது மனுஷர் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்தார். பேன்ட்டைத் தொடவே இல்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து காலை அளந்தார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. பேன்ட்டு சரியாத்தான் இருக்கு. காலுதான் மாறிக்கிட்டே வருது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரிலுள்ள பீஸையெல்லாம் ரிஜெக்ட் போட்டவனை ஒருத்தர் கடைத்தெருவில் வைத்து ரிஜெக்ட் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, பேன்ட்டைக் கழற்றிப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முன்பக்கமாக வளைந்திருந்தது. தடித்தும் இருந்தது. வலி ரொம்ப நாளாகவே உண்டு. நின்று பார்க்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டிருந்தேன். என் மனைவி வந்து கையை வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, இஸ்திரிப் பொட்டியாட்டச் சுடுதுங்க. நாளைக்கே டாக்டரப் பாக்கோணும்.”

கோயம்புத்தூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எடுத்தார், படத்தை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். நோய்க்கு ஏதோ ஒரு பழைய வெள்ளைக்கார டாக்டரின் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் ‘கால் கம்ப்ளைன்ட்’ என்றுதான் பெயர்.

“எலும்பு சும்மா கெடக்கற கல்லு இல்லீங்க. எப்பவும் பழசை இடிச்சுட்டுப் புதுசு கட்டிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு இந்த ஒரு எலும்புல மட்டும் இடிக்கறவனும் அவசரப்படறான், கட்டறவனும் அவசரப்படறான். அதனால கட்டடம் பெருசா இருக்குது, ஆனா கோணலா இருக்குது” என்றார் டாக்டர்.

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஷிப்மென்ட் வாரத்தில் எங்கள் கம்பெனியில் நடப்பதுதான் என் காலுக்குள் நடந்துகொண்டிருந்தது. நரம்பில் ஒரு மருந்து ஏற்றினால் அவசரம் அடங்கிவிடும், வலியும் சூடும் குறையும், ஆனால் வளைந்தது நிமிராது என்றார். அதெல்லாம் சரி. என் தொழில் புத்தி வேறொன்றைக் கேட்டது.

“ஏன் வந்துச்சுங்க?”

“உறுதியா யாருக்கும் தெரியாதுங்க. சில குடும்பங்கள்ல ஜீன்ல ஓடுது. இன்னொரு சந்தேகமும் இருக்குது. சின்ன வயசுல எப்பவோ உள்ள போன வைரஸ் எலும்பு செல்லுக்குள்ள பதுங்கி இருந்துட்டு, பல வருசம் கழிச்சு வேலையக் காட்டுதோன்னு. தட்டம்மை வைரஸா இருக்கலாம். இல்லீன்னா அதுக்குச் சொந்தக்கார வைரஸ் ஒண்ணு, நாய்களுக்கு வர்றது. எலும்புல அதப் பாத்தோம்னு சிலர் சொல்றாங்க. தேடியும் கெடைக்கலைன்னு சிலர் சொல்றாங்க. ரெண்டு காரணமும் சேந்தும் இருக்கலாமுங்க.”

இந்த மாதிரி ஒரு பதிலை நாங்கள், எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு அனுப்பினால் அடுத்த சீசன் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். இவ்வளவு படித்தவர் இப்படி மழுப்புகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“இது ஒட்டுமுங்களா?”

“ஒட்டவே ஒட்டாதுங்க” என்றார் டாக்டர்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறாள். எங்களுக்கு ஒரே பெண். அந்த வருஷம்தான் அவளுக்குச் சம்பந்தம் கூடி வந்திருந்தது. வெள்ளகோவில் பக்கத்தில் தோட்டம், திருப்பூரில் சாயம் போட்ட துணியைச் சுருக்கம் எடுத்துக் கொடுக்கிற காம்பாக்டிங் யூனிட் என்று இருக்கிற குடும்பம். குன்னத்தூரில் இருக்கிற என் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்தது. பெண்ணுக்குப் பூ வைத்தாயிற்று, நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதுதான் பாக்கி. பையனை என் மகளுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். என்ன செய்தாய் என்று கேட்டால் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்பாள். அந்தக் கறிவேப்பிலை வேர் அழுகிச் செத்தே போனது.

மருந்து ஏற்றிக்கொண்டு வந்து நான் சாய்வு நாற்காலியில் கிடந்த வாரத்தில், பையனின் அப்பா போன் செய்தார். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. திருப்பூரில் ஒரு மனிதன் நொண்டினால் அது அவன் வீடு போய்ச் சேர்வதற்கு முன் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“சம்மந்திங்க, தப்பா நெனைக்கக் கூடாது. மூணே மூணு கேள்விங்க. கம்ப்ளைன்ட் எங்கிருந்து வந்துச்சு? எத்தனை பீஸ்ல இருக்குது? இனி வருமுங்களா?”

எங்கள் ஊரில் பனியன் தொழில் செய்கிற யாரும் தூக்கத்தில் கூடச் சொல்லிவிடக்கூடிய கேள்விகள் இவை. துணியில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தால் இந்த மூன்றுக்கும்தான் பதில் எழுத வேண்டும். தையலிலிருந்து கட்டிங்குக்கு, கட்டிங்கிலிருந்து சாயப் பட்டறைக்கு, அங்கிருந்து நிட்டிங்குக்கு, கடைசியில் எந்த மெஷினில் எந்த ஊசி உடைந்தது என்பது வரை பின்னாலேயே போவோம். அதற்கு ரூட் காஸ் என்று பெயர். அது கிடைக்காவிட்டால் நாங்கள் சாப்பிட மாட்டோம். கிடைக்காத சமயங்களில் உண்டாக்கிக் கொள்வோம்.

போனை வைத்துவிட்டு யோசித்தால் எந்தப் பக்கமும் வழி இல்லை. ஒரே தொட்டியில் சாயம் ஏறின துணியை லாட் என்போம். ஜீன் என்று சொன்னால் என் மகளும் அதே லாட்டில் வந்த பீஸ். வைரஸ் என்று சொன்னால் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கூட அவர்கள் குடிக்க மாட்டார்கள். எதுவும் தெரியாது என்றால் மறைக்கிறோம் என்பார்கள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றுவிட்டாள். மகள் அன்று மாடிக்குப் போகவும் இல்லை.

அப்போதுதான் என் மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவியின் அண்ணன். வேறொரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் திட்டி எழுதும் மெயில்களுக்குப் பதில் எழுதுவதே அவர் பிழைப்பு. சோபாவில் உட்கார்ந்து, முழுக்கதையும் கேட்டுவிட்டு, பட்டன் கலர் முடிவு பண்ணுகிற மாதிரி முடிவு பண்ணினார்.

“மாப்ள, ஜீன் வேண்டாமுங்க. வைரஸே வெச்சுக்கலாம்.”

“நாம வெச்சுக்கறதா? டாக்டரே தெரியாதுன்னு சொல்லிப்போட்டாருங்க மச்சான்.”

“பையருக்கு நாம எழுதறதெல்லாம் தெரிஞ்சுங்களா எழுதறோம்? பாருங்க, ஜீன்னா நம்ம புராசஸ்ல கோளாறு. வைரஸ்னா வெளிய இருந்து வந்த கோளாறு. நாம என்ன பண்ண முடியும்?”

“ஒட்டும்னு சொல்லுவாங்களேண்ணா” என்றாள் என் மனைவி.

“மாப்ளைக்குச் சின்ன வயசுல வந்த வைரஸ் ஆத்தா அது. எக்ஸ்பைரி ஆயி எத்தனை வருசம் ஆச்சு? அதுக்கு ஒரு தட்டம்மை இருந்தாப் போதும். மாப்ள, உங்களுக்கு எப்ப வந்துச்சுங்க?”

எனக்கு நினைவில்லை. என் அப்பாவும் அம்மாவும் இல்லை. சாட்சி என்று மிச்சமிருந்தது குன்னத்தூரில் இருக்கிற என் அக்கா ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் காரில் மூவரும் கிளம்பினோம். ஆளுக்கொரு வேண்டுதல் இருந்தது. என் மனைவி வழியில் தென்பட்ட மாரியம்மன் கோயிலில் இறங்கி, என் புருஷனுக்கு அம்மை வந்திருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மனிடம் அப்படி ஒரு கோரிக்கை அதற்கு முன் போயிருக்காது.

அக்கா வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்துக் கண் கலங்கி, “என்ன சாமி இப்படிப் பண்ணி வெச்சிருக்கற?” என்றாள், நானே வளைத்துக்கொண்ட மாதிரி. மச்சான் மோர் கூடக் குடிக்காமல் விசாரணையை ஆரம்பித்தார்.

“அக்கா, மாப்ளைக்குச் சின்ன வயசுல தட்டம்மை வந்துச்சு இல்லீங்களா?”

“அவனுக்கெங்க வந்துச்சு? எனக்குத்தான வந்துச்சு! மேலு பூரா வேப்பலையப் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. இவனுக்கு ஒட்டிரக் கூடாதுன்னு எங்கய்யன் இவனத் தோட்டத்துச் சாளைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எனக்குத் தண்ணி வாத்து முடியற வரைக்கும் அங்கயேதான் கெடந்தான்.”

அய்யன் என்றால் எங்கள் பக்கம் அப்பா, சாளை என்பது தோட்டத்தில் இருந்த எங்கள் ஓலைக் கொட்டகை. மச்சான் விடவில்லை.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. கை கால்ல ரெண்டு மூணு தடிப்பாவது?”

“ஒரு தடிப்பும் இல்ல. கொசுக்கடி கூட இல்ல. நா எதுக்குங்க பொய் சொல்றேன்?”

என் மனைவி கடலைத்தோலுக்கு நடுவில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “ஊருல இருக்கற அத்தனை பேருக்கும் வருது. உங்களுக்கு ஒரு தட்டம்மை கூட வரலீங்களா? நம்ம புள்ளை வாழ்க்கைங்க!” அவள் அழுததைப் பார்த்து எனக்கே குற்ற உணர்ச்சியாகிவிட்டது. இவ்வளவு அவசியமான ஒரு வியாதியைச் சின்ன வயதில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மச்சான் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அக்கா என் மனைவியைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

“சாளைக்குப் போன புதுசுல இவனும் இப்படித்தான் அழுவான்னு அய்யன் சொல்லுவாரு. பொறவு நாயக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கப் பழகிட்டான். பாவம், அந்த நாயும் சீக்கு வந்து செத்துப்போச்சு.”

படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக மச்சான் நின்றார். “என்ன சீக்குங்க?”

“அதெல்லாம் ஆருக்குத் தெரியும்? கண்ணுல பீளை தள்ளும். மூக்குல ஒழுகிக்கிட்டே இருக்கும். கடைசில தாடை வெடுக்கு வெடுக்குனு இழுத்துச்சு.”

மச்சான் போனை எடுத்து எதையோ தேடி, அக்கா சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தட்டினார். “கெடச்சுருச்சு மாப்ள! டாக்டரு சொன்ன அதே நாய் வைரஸ்!” என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா கையிலிருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“நாய் செத்ததுக்கு ஏனுங்க இத்தனை சந்தோசம்?”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த நாய் எனக்கு மறந்தே போயிருந்தது. அக்கா சொல்லச் சொல்ல அதன் காதுக்குப் பின்னால் இருந்த வாசனை வந்தது. போர்வைக்குள் அதன் வயிறு என் காலை ஒட்டிக் கிடந்த சூடு வந்தது. அது செத்தபோது அழுதிருப்பேன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்காவின் வைரஸிலிருந்து தப்பிக்க என்னைக் கொண்டுபோய் நாயின் வைரஸுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்காக அந்த நாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. மச்சான் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

சாளை இருந்த இடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். தோட்டத்தை விற்று வெகுகாலம் ஆகிறது. இப்போது அங்கே ஒரு நூல் குடோன் நிற்கிறது. கேட்டில் இருந்த வடநாட்டு செக்யூரிட்டி வழியை மறித்தார். மச்சான் தனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டினார். “குத்தா... பச்சாஸ் சால்... இதர்.” ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு நாய் இருந்தது என்பது அவர் சொல்ல வந்தது. செக்யூரிட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், குடோன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து மரியாதையாக எங்கள் முன்னால் நிறுத்தினார். மச்சான் இடத்தைப் படம் எடுத்தார். சிரமப்பட்டுக் கூட்டி வந்ததை வீணாக்க வேண்டாம் என்று அந்த நாயையும் படம் எடுத்தார்.

மறு வாரம் பையனின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்திருந்தார், அதுவே நல்ல அறிகுறி இல்லை. சாட்சி சொல்ல அக்காவையும் வரவழைத்திருந்தோம். என் மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “இருக்கட்டும் கண்ணு” என்றார். தொடவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்றால்தான் எங்கள் பக்கம் தண்ணீரைத் தொடாமல் இருப்பார்கள். என் மகள் சமையலறை நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள். மச்சான் பேசி முடிக்கிற வரை அவள் கண் அந்தச் சொம்பை விட்டு நகரவில்லை.

மச்சான் போனை டிவியில் இணைத்தார். எங்கள் வீட்டு டிவியில் என் எலும்பு வந்தது. அடுத்து நூல் குடோன் வந்தது. அடுத்து செக்யூரிட்டியின் நாய் வந்தது.

“இது அந்த நாய் இல்லீங்க. ரெஃபரன்ஸ் சாம்பிள்” என்று விளக்கினார்.

பையனின் அப்பா கவனமாகக் கேட்டார். தொழில் செய்கிறவர், குறுக்கே பேசவில்லை. “அப்ப ஜீன் இல்லைங்கறீங்க. நாய்லருந்து வந்துச்சுங்கறீங்க. ஒரே பீஸ்தானுங்கறீங்க” என்று தொகுத்துக்கொண்டார். நான் இடையில் புகுந்து, டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்று சொன்னேன். மச்சான் இருமினார். பையனின் அப்பா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கம்ப்ளைன்ட்டை நாய் வரைக்கும் கொண்டுபோன பிறகு, நாயோடு நின்றுவிடுவது எந்த யூனிட்காரருக்கும் முடியாத காரியம்.

“செரி, நாய் எங்கிருந்து வந்துச்சுங்க?”

அதற்கு மச்சானிடம் படம் இல்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்கய்யன் எருது வாங்க வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனாருங்க. நானும் வண்டியில போயிருந்தேன். மாடு குடுத்தவங்க, சும்மா கொண்டுபோங்கன்னு ஒரு நாய்க்குட்டியும் சேத்துக் குடுத்தாங்க.”

“ஆரு தோட்டமுங்க?”

“பேரு தெரீலீங்க. சின்னப் புள்ளை நானு. வாசல்ல ரெண்டு இலுப்ப மரம் நின்னுச்சு. கெணத்துக்கிட்ட கல்லுத்தொட்டி ஒண்ணு, ஒரு பக்கம் ஒடஞ்சு கெடந்துச்சு.”

டிவியில் செக்யூரிட்டியின் நாய் எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது.

“செவலைக் குட்டிங்களா?” என்று கேட்டார் அவர். குரல் மாறியிருந்தது. “வாலு நுனி மட்டும் வெள்ளையா?”

“ஆமாங்க! உங்களுக்கெப்படித் தெரியும்?”

“அது எங்க தோட்டமுங்க.”

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் பழக்கம் அவர் வாயை முந்திக்கொண்டது.

“அப்பறம்... சப்ளையர் சைடு நீங்கதானுங்களா?”

என் மனைவி அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் சப்ளையர் யார் என்று தெரிந்துவிட்டால் அடுத்து அவர் தலையில் நஷ்டத்தைக் கட்டுவதுதான் நடக்கும். ஆனால் பையனின் அப்பா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

“மாடு வாங்க வந்தவங்களுக்கெல்லாம் எங்கய்யன் ஒவ்வொரு குட்டியாக் குடுத்துட்டாருங்க. நா சோறு திங்காம அழுதனுங்க. செவலைய நீங்க நல்லா வெச்சிருந்தீங்களா சம்மந்தி?”

“என்ற போர்வைக்குள்ளதான் தூங்குச்சுங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். இரண்டு வயசாளிகள் ஒரு நாய்க்குட்டிக்காக உட்கார்ந்து அழுகிறோம், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், “தாய் நாயும் அப்படித்தான் இழுத்து இழுத்துச் செத்துப்போச்சு. நா அதுகூடத்தான் படுத்துக் கெடப்பேன்.” சொல்லிவிட்டு, மெல்ல வேட்டியை முழங்கால் வரை தூக்கி, தன் கால் எலும்பைத் தடவிப் பார்த்தார்.

“இங்க வந்து சித்தத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கறாப்பல இல்லீங்களா?”

நான் தொட்டேன். வெயிலில் வந்த கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மச்சானும் தொட்டுவிட்டு, இருக்கு என்றும் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான கால் வேண்டும் என்று தன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டார். அக்கா தானாகவே தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். என் மனைவி வடைத் தட்டோடு உள்ளே வந்தபோது, வீட்டுக்கு வந்த பெரிய மனிதரும் நாங்களும் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தோம். அவள் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனாள்.

பையனின் அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தார். தன் பீஸ் எத்தனை, தன் மகன் எந்த லாட் என்றெல்லாம் மனதுக்குள் ஓட்டியிருக்க வேண்டும். கடைசியில் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“செரி விடுங்க சம்மந்தி. ரெண்டு பக்கமும் ஒரே லாட்டுன்னு ஆயிப்போச்சு. வேற வேற லாட்டை ஒண்ணாத் தெச்சாத்தான் ஷேடு வித்தியாசம் காட்டும். ஒரே லாட்டுல என்ன வரப்போகுது? வர்ற முகூர்த்தத்துலயே நிச்சயத்த வெச்சுக்கலாமுங்க.”

சொல்லிவிட்டு, முன்னால் இருந்த சொம்பை எடுத்து, அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். நிலைப்படியில் என் மகள் கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்ததைப் பார்த்தேன்.

பிற்பாடு அவரும் அதே டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். எலும்பு இளவட்டம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான் டாக்டரிடம் செவலை நாயின் கதையை முழுக்கச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “அந்த நாயா இருக்கலாமுங்க, இல்லாமயும் இருக்கலாமுங்க” என்றார். இந்தத் தடவை அவர் மேல் எனக்கு எரிச்சல் வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது, சம்பந்தி சொம்புத் தண்ணீரைக் குடித்த அன்று சாயங்காலம் நடந்ததை. எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். என் மனைவி அக்காவை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தாள். நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் மகள் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இனி கறிவேப்பிலைக்கு வேறு செடி வாங்கலாமா என்று ஏதோ கேலியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா, எனக்கும் வருமுங்களா?”

அத்தனை நாள் அந்த மூன்றாவது கேள்வியைச் சுற்றித்தான் எல்லாரும் ஓடினோம். குன்னத்தூர் போனோம், செத்த நாயைத் தேடினோம், குடோனைப் படம் எடுத்தோம். எல்லாம் அவளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டோம். அவளிடம் போய், உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி வராது என்று பையர்களுக்கு எத்தனையோ தடவை பதில் போட்டிருக்கிறோம். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியாது கண்ணு. டாக்டருக்கும் தெரியாது. நெறைய பேருக்கு வர்றதில்லைன்னு சொன்னாரு. சில பேருக்கு வருமாம்.”

அவள் எழுந்துபோய் தன் ஆபீஸ் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து நேராக நின்று, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“அளந்து வெச்சுக்கங்கப்பா. இதான் அப்ரூவல் சாம்பிள். நாளைக்குக் கம்ப்ளைன்ட் வந்தா ஒப்பிட்டுப் பாக்கோணுமில்ல?”

குந்துவதற்கு வலது கால் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மண்டியிட்டேன். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை டேப்பை வைத்து இடது காலை அளந்தேன், வலது காலை அளந்தேன். அவள் அவசரப்படுத்தாமல் நின்றாள். டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி பிரித்து மறுபடி அளந்தேன்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது கண்ணு” என்றேன்.

“இன்னொருக்கா பாருங்கப்பா” என்றாள் அவள். பார்த்தேன்.